வலியைக் கேட்கும் மொழியும் மார்பினும்: தீவிலிருந்து ஒரு கருத்து

இப்பதிவு நீளமானது. பொறுமையுள்ளோர் படிக்க வேண்டுகிறேன். நான் மருத்துவம் பயின்றவள் அல்லள். மொழியியலில் முதுகலை முடித்து முனைவர் பட்ட ஆய்வு செய்பவள். ஆகவே எந்த மருந்தை எந்த அளவில் கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றி இங்கு நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. இரத்தப் புற்றுநோயாளர்களின் வலிக்கும் மார்பின் போன்ற ஓபியாய்டு மருந்துகளுக்கும் இடையே நிற்கும் தடைகளில் ஒரு பகுதி சொற்களால் ஆனது. அதைப் பற்றிப் பேச மொழி பயின்றோருக்கு உரிமையும் கடமையும் உண்டு என்பதே என் வாதம்.

முதலில் நோயைப் பற்றிச் சில செய்திகள். புற்றுநோய் வலி என்றவுடன் கட்டியும் அறுவை சிகிச்சையுமே நம் நினைவுக்கு வருகின்றன. இரத்தப் புற்றுநோயில் வலி இருக்காது என்று படித்தவர்களும் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. மல்டிபிள் மயலோமா என்னும் நோய் எலும்பை உள்ளிருந்தே அரிக்கிறது. முதுகெலும்பின் கண்ணிகள் நொறுங்குகின்றன. குனிந்து ஒரு வாளியைத் தூக்கினாலே எலும்பு முறியலாம். கடும் லுக்கீமியாவில் எலும்பு மஜ்ஜைக்குள் புற்றணுக்கள் பெருகி நெருக்குவதால், குழந்தைகள் நடக்க மறுத்து அழுவதே சில வேளைகளில் நோயின் முதல் அறிகுறியாகிறது. இவற்றோடு சிகிச்சை தரும் வலிகளும் சேர்கின்றன. வின்கிரிஸ்டின், போர்டெசோமிப் முதலிய மருந்துகள் கை கால் நரம்புகளைப் பாதிக்கின்றன. தீவிர கீமோதெரபிக்குப் பின்னும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையின்போதும் வாயும் தொண்டையும் புண்ணாகி, எச்சிலை விழுங்குவதே தண்டனையாகிவிடுகிறது. மஜ்ஜைப் பரிசோதனைக்காக இடுப்பெலும்பில் ஊசி இறக்கும்போது உண்டாகும் வலி தனி.

இந்நோயாளர்களுக்கு வழக்கமான வலி மாத்திரைகள் பல கைகொடுப்பதில்லை. தட்டணுக்கள் குறைந்தவருக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை இரத்தக்கசிவை உண்டாக்கலாம். மயலோமாவில் சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்திருக்கும். இம்மாத்திரைகள் அதை மேலும் கெடுக்கும். வெள்ளணுக்கள் குறைந்தவருக்குப் பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடலாம். அக்காய்ச்சலோ உயிரைப் பறிக்கக்கூடிய தொற்றின் ஒரே எச்சரிக்கையாக இருக்கும். எஞ்சுவது பெரும்பாலும் ஓபியாய்டு மருந்துகளே. அவற்றிலும் தேர்வு வேண்டும். சிறுநீரகம் நலிந்தவரின் உடலில் மார்பினின் சிதைபொருள்கள் தேங்கி மயக்கத்தையும் குழப்பத்தையும் தரும் என்பதால் ஃபென்டனில், புப்ரெனார்ஃபின் போன்றவற்றை மருத்துவர் நாடுகிறார். தட்டணுக் குறைவால் தசையில் ஊசி போடுவது தவிர்க்கப்படுகிறது. மலச்சிக்கலுக்கான மருந்து உடன் சேர்க்கப்படுகிறது. இவ்வளவு நுணுக்கமும் ஒரு கேள்விக்கான விடையிலிருந்தே தொடங்குகிறது: "எங்கே, எப்படி வலிக்கிறது?"

அக்கேள்வி எம்மொழியில் கேட்கப்படுகிறது என்பதில்தான் என் துறை உள்ளே வருகிறது.

1975-இல் ரொனால்ட் மெல்சாக் மெக்கில் வலி வினாத்தாளை வெளியிட்டார். ஆங்கிலத்தில் வலியைச் சொல்லப் பயன்படும் 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கி, நோயாளர் எச்சொல்லைத் தேர்கிறாரோ அதைக்கொண்டு வலியின் தன்மையை அறிய முயன்ற கருவி அது. அதன் அடிப்படை ஒரு சொற்பொருளியல் ஆய்வு என்பதை நம் மாணவர்கள் பலர் அறியார். துடிப்பதும் எரிவதும் குத்துவதும் வெவ்வேறு வலிகள். அவற்றுக்குக் காரணமும் வெவ்வேறு. எனவே மருந்தும் வெவ்வேறு. நரம்பு வலிக்கு ஓபியாய்டு மட்டும் போதாமல் கபபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவை சேர்க்கப்படுகின்றன. எலும்பு வலிக்குக் கதிரியக்கம் பயன்படக்கூடும். வலியின் பெயர் சிகிச்சையின் திசையை மாற்றுகிறது.

தமிழில் இச்சொல்வளத்துக்குக் குறைவில்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், காந்தல், இழுப்பு, பிடிப்பு, மதமதப்பு, மரத்துப்போதல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். சுரீரென்று, சுருக்கென்று, விண்விண்ணென்று என்னும் ஒலிக்குறிப்புச் சொற்களையும் சேர்த்தால், வலியின் காலமும் வேகமும்கூடச் சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. "விண்விண்ணென்று தெறிக்கிறது" என்பவர் விட்டுவிட்டு எழும் துடிப்பைச் சொல்கிறார். "பஞ்சின்மேல் நடப்பது போலிருக்கிறது" என்பவர் பாத நரம்புகளின் உணர்விழப்பைச் சொல்கிறார். "உள்ளுக்குள் குடைகிறது" என்பவர் பெரும்பாலும் எலும்பின் ஆழத்திலிருந்து எழுவதைச் சொல்கிறார். இலக்கணமும் ஒன்றைக் காட்டுகிறது. "எனக்குக் கால் வலிக்கிறது" என்னும் தொடரில் எழுவாய் கால். துன்புறுபவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். வலி அவர் செய்யும் செயலன்று, அவருக்கு நேர்வது. "இவர் வலியைப் பெரிதுபடுத்துகிறார்" என்று சொல்லும் மருத்துவமனைப் பேச்சு இவ்விலக்கணத்துக்கே எதிரானது.

வட்டார வழக்கு இன்னொரு சிக்கல். தென்மாவட்டத்தார் ஒருவர் "கால் உளையுது" என்றால் உடல்வலியைச் சொல்கிறார். எழுத்துத் தமிழில் பழகியவருக்கோ உளைச்சல் என்றால் மன உளைச்சலே முதலில் தோன்றும். ஈழத்தமிழர் "நோகுது" என்பார். தலைவலியைத் "தலையிடி" என்பார். தமிழருக்குள்ளேயே இப்படியென்றால், தமிழர் சிறுபான்மையாக வாழும் இடத்தில் என்ன ஆகும்?

அந்தமான் நிக்கோபார் தீவுகள் அத்தகைய இடம். 2011 கணக்கெடுப்பின்படி இங்குள்ள மக்கள் சுமார் 3.8 லட்சம். வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி, மலையாளம், சாத்ரி, குடுக், மாயாபந்தர்ப் பகுதியில் கரேன் என்று அடுத்தடுத்த வீடுகளில் அடுத்தடுத்த மொழிக்குடும்பங்கள் வாழ்கின்றன. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களும் அவர்களுள் அடக்கம். கடையிலும் கப்பலிலும் அலுவலகத்திலும் நம்மை இணைப்பது இந்தி. அந்தமான் இந்தி நமக்குக் கைவந்த மொழிதான். விலை பேசலாம், வழி கேட்கலாம், நட்புப் பாராட்டலாம். ஆயினும் இரவு இரண்டு மணிக்கு இடுப்பெலும்பில் எழும் குடைச்சலை அம்மொழியில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? "தர்த்" என்னும் ஒரே சொல்லுக்குள் குடைச்சலும் காந்தலும் மதமதப்பும் அடங்கிவிடுகின்றன.

எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவருக்கு மயலோமா. மருத்துவரிடம் பேசியவர் அவருடைய பள்ளி செல்லும் பேத்தி. தாத்தா தமிழில் ஐந்தாறு தொடர் சொல்வார். பேத்தி இந்தியில் "வலி அதிகம்" என்பாள். மருத்துவர் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எண் கேட்பார். பேத்தியின் முகத்தைப் பார்த்து, அவள் பயந்துவிடக் கூடாதே என்று, தாத்தா "நாலு" என்பார். எல்லாரும் நல்ல எண்ணத்தோடுதான் நடந்துகொண்டார்கள். எழுதப்பட்ட மருந்து மட்டும் நாலுக்கு உரியதாக இருந்தது.

பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 1979-இல் வகுத்த வலியின் வரையறையை 2020-இல் திருத்தியது. சொல்லால் விவரிப்பது வலியை வெளிப்படுத்தும் பல வழிகளுள் ஒன்று மட்டுமே. சொல்ல இயலாமை வலியின்மை ஆகாது என்னும் கருத்து அதன் குறிப்புகளில் இடம்பெற்றது. மொழியியலாருக்கு இது பணிவு கற்பிக்கும் குறிப்பு. இத்தீவுகளில் அதற்குக் கூடுதல் பொருள் உண்டு. பெரிய அந்தமானிய மொழியை ஆராய்ந்த அன்விதா அப்பி, மனித உடலின் பகுதிகள் அம்மொழி இலக்கணத்தின் அச்சாகவே இருப்பதைக் காட்டினார். உடல்வழிப் பாகுபாட்டைக் குறிக்கும் முன்னொட்டுகள் பெயரிலும் வினையிலும் ஊடுருவி நிற்கின்றன. அக்குடும்பத்தைச் சேர்ந்த போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010-இல் மறைந்தார். உடலைப் பற்றிப் பேச இவ்வளவு நுட்பமான கருவியை ஆக்கிய மண்ணில், உடல் துன்பத்தை ஓர் எண்ணாகச் சுருக்கிக்கொண்டிருக்கிறோம்.

இனி மருந்தின் பெயருக்கு வருகிறேன்.

தமிழ் நாளிதழ்களில் மார்பின் என்னும் சொல் எச்சூழலில் வருகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் "பறிமுதல்", "கைது", "போதை மருந்து" என்பவற்றின் அருகில்தான். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இக்கூட்டணிக்குச் சட்ட வடிவம் தந்தது. குறைந்தது 10 ஆண்டுச் சிறை என்னும் அச்சமும், மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட பல உரிமங்களின் சிக்கலும் சேர்ந்து, மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்பினைக் கைவிட்டன. நாட்டின் மருத்துவ மார்பின் பயன்பாடு சுமார் 97 விழுக்காடு சரிந்து, 1997-இல் ஏறத்தாழ 18 கிலோவாக நின்றது. மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசின் உரிமத்தோடு அபின் பயிரிட்டு, காசிப்பூரிலும் நீமுச்சிலும் அரசு ஆலை நடத்தி, உலகுக்கு மருத்துவ அபினை ஏற்றுமதி செய்யும் நாடு இது. 2017-இல் வெளியான லான்செட் ஆணையத்தின் அறிக்கை, இந்தியாவில் கிடைக்கும் ஓபியாய்டு வலிமருந்து தேவையில் சுமார் 4 விழுக்காட்டையே நிறைவு செய்கிறது என்று மதிப்பிட்டது.

கேரளத்தில் டாக்டர் எம். ஆர். இராஜகோபாலும் அவர்தம் தோழர்களும் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய இயக்கமும், பின்னர் நடந்த நீண்ட வாதாடலும் 2014-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கு வழிவகுத்தன. மார்பின், ஃபென்டனில், மெதடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகியவை இன்றியமையாப் போதைமருந்துகள் என்னும் தனி வகையில் வைக்கப்பட்டன. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒன்று, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஒரே ஒப்புதலோடு இவற்றை வைத்திருக்கவும் வழங்கவும் நாடு முழுவதற்கும் பொதுவான விதி 2015-இல் வந்தது. சட்டம் திருந்தி ஆண்டுகள் பல ஆயின. சொல் திருந்தவில்லை.

சொல் திருந்தாததன் விளைவு "அடிமை" என்னும் ஒரு வார்த்தையில் தெளிவாகத் தெரியும். ஆங்கில மருத்துவ வழக்கு மூன்று நிலைகளைப் பிரித்துப் பேசுகிறது. நாள்பட நாள்பட அதே பயனுக்குக் கூடுதல் அளவு தேவைப்படுவது ஒன்று. திடீரென நிறுத்தினால் உடல் தடுமாறுவது இன்னொன்று. தீங்கு நேர்வது தெரிந்தும் கட்டுப்பாடிழந்து மருந்தை நாடுவது மூன்றாவது. தமிழில் பொதுப்பேச்சு இம்மூன்றையும் "மருந்துக்கு அடிமையாகிவிடுவார்" என்று ஒரே தொடரால் மூடிவிடுகிறது. இதன் பிழையை அறிய ஓர் எடுத்துக்காட்டு போதும். லுக்கீமியா சிகிச்சையில் பிரெட்னிசொலோன் வாரக்கணக்கில் கொடுக்கப்படுகிறது. அதையும் திடீரென நிறுத்தக் கூடாது, படிப்படியாகவே குறைக்க வேண்டும். அதற்காக அக்குழந்தையை ஸ்டீராய்டுக்கு அடிமை என்று எவரும் சொல்வதில்லை. அதே குழந்தையின் வாய்ப்புண் வலிக்கு மார்பின் என்றால், பாட்டி முதல் பக்கத்துப் படுக்கைக்காரர் வரை அனைவரும் அச்சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது அச்சம் "கடைசி மருந்து" என்பது. மார்பின் எழுதினால் மருத்துவர் கைவிட்டுவிட்டார் என்று குடும்பம் பொருள்கொள்கிறது. இரத்தப் புற்றுநோயில் இக்குழப்பம் இரட்டிப்பாகிறது. இந்நோய்களில் குணமாகும் நம்பிக்கை பிற்கட்டம் வரை நீடிக்கக்கூடும். ஆதலால் சிகிச்சைக் குழுக்களும் வலித்தணிப்புத் துறையைத் தாமதமாகவே அழைக்கின்றன. திடக்கட்டிப் புற்றுநோயாளர்களைவிட இரத்தப் புற்றுநோயாளர்கள் இத்துறையைப் பிந்தியே சென்றடைகிறார்கள் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டது. நோய் தீருமா என்பதும் வலி தணியுமா என்பதும் இருவேறு கேள்விகள். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்று நெடுநாள் வாழப்போகும் இளைஞருக்கும் அந்த மூன்று வாரங்களில் மார்பின் தேவைப்படலாம். வாய்ப்புண் ஆறியதும் அளவைக் குறைத்து நிறுத்திவிடலாம்.

எதிர்வாதத்தை மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவில் ஓபியாய்டுகளால் நேர்ந்த பேரழிவை அறிந்தோர் என் கூற்றை ஐயுறுவது நியாயமே. அவ்வழிவின் ஒரு வேர் ஆய்வுலகில் இருக்கிறது. 1980-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே தொடர்களில் ஒரு கடிதம் வெளிவந்தது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றோரிடம் அடிமைநிலை அரிது என்று அது கூறியது. 2017-இல் அதே இதழில் வந்த ஆய்வு, இக்கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருப்பதையும், காட்டியோரில் ஐந்தில் நால்வர் அக்கடிதம் மருத்துவமனை நோயாளர்களை மட்டுமே பற்றியது என்பதைச் சொல்லாமல் விட்டதையும் காட்டியது. மேற்கோளைப் படிக்காமலே எடுத்தாளும் வழக்கம் உயிர்களைப் பறிக்கக்கூடும் என்பதை ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டும்.

ஆனால் அங்கு நடந்தது மிகையின் கேடு. இங்கு நடப்பது இன்மையின் கேடு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நியாயப்படுத்த இயலாது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2016-இல் வெளியிட்ட கட்டுப்பாட்டு நெறிகளே புற்றுநோய்ச் சிகிச்சையையும் இறுதிக்காலப் பராமரிப்பையும் விலக்கி வைத்தன. அதே வேளையில், புதிய மருந்துகளால் இரத்தப் புற்றுநோயாளர் பலர் நெடுங்காலம் வாழ்கிறார்கள்; அவர்களுக்கு மாதக்கணக்கில் ஓபியாய்டு தொடருமானால், பயனையும் தீங்கையும் அடிக்கடி மதிப்பிட்டு, தேவை குறைந்தால் அளவையும் குறைக்க வேண்டும். அதற்கும் நோயாளர் தம் மொழியில் பேச இடம் வேண்டும். அடிமையாகிவிட்டாய் என்னும் பழிக்கு அஞ்சுபவர் உண்மையைச் சொல்லமாட்டார். அச்சொல் இருபுறமும் வெட்டுகிறது: தேவையுள்ளவரை மருந்திலிருந்தும், சிக்கலில் விழுந்தவரை உதவியிலிருந்தும் பிரித்துவிடுகிறது.

தீவு வாழ்க்கை இதற்கு மேலும் ஒரு நெருக்கடியைத் தருகிறது. பலர் சிகிச்சைக்காகச் சென்னைக்கும் வேலூருக்கும் செல்கிறோம். கடல்வழி 1,300 கிலோமீட்டருக்கு மேல். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். சிகிச்சை அங்கே நடக்கிறது; வலி வீடு திரும்பிய பின்பும் தொடர்கிறது. போர்ட் பிளேயரிலிருந்து, அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் நகரிலிருந்து, கிரேட் நிக்கோபாருக்கு மேலும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை உட்கொள்ள வேண்டிய மருந்து வானிலையைக் கேட்டு வருவதில்லை.

எனவே சில வேண்டுகோள்கள். தலைநிலச் சிகிச்சை மையங்கள் தீவு நோயாளரை வீட்டுக்கு அனுப்பும்போது, அடுத்த மருந்து எங்கே, யாரிடம் கிடைக்கும் என்பதை உறுதிசெய்தே அனுப்ப வேண்டும். மருந்தைச் சட்டப்படி எடுத்துச்செல்கிறார் என்பதற்கான சான்றும் உடன் வேண்டும். யூனியன் பிரதேச நலவாழ்வுத் துறை, தலைநகர் மருத்துவமனையோடு நில்லாமல் வடக்கிலும் தெற்கிலும் உள்ள தீவு மருத்துவமனைகளுக்கும் அங்கீகாரம் விரிவதையும், இருப்பு கப்பல் அட்டவணையைக் கருதித் திட்டமிடப்படுவதையும் உறுதிசெய்ய வேண்டும். வீட்டுக் குழந்தைகளை மொழிபெயர்ப்பாளராக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

நம் துறைக்கான வேண்டுகோள் இன்னும் எளியது. தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம், இந்தி, நிக்கோபாரி, சாத்ரி ஆகியவற்றில் வலிச்சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் எவ்வகை வலியைச் சுட்டுகிறது என்பதைச் செவிலியரோடும் மருத்துவரோடும் அமர்ந்து ஆராய்ந்து, ஒரு தாளில் அடங்கும் கையேடாக்கலாம். ஒரு முதுகலை வகுப்பு ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய களப்பணி இது. பட்ட ஆய்வுகளில் வேற்றுமை உருபுகளை எண்ணும் நாம், "எனக்கு" என்னும் அவ்வுருபைத் தாங்கி நிற்பவரின் துன்பத்தையும் ஒருமுறை எண்ணலாம்.

கலைச்சொல்லாக்கத்திலும் பணி உண்டு. மலையாளத்தில் "சாந்த்வன பரிசரணம்" என்னும் தொடர் வீட்டுச்சொல் ஆகிவிட்டது. ஆறுதல் என்னும் பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. தமிழில் நோய்த்தணிப்பு, வலித்தணிப்பு, ஆதரவுச் சிகிச்சை என்று பல வழங்குகின்றன. எதுவும் இன்னும் திண்ணைக்கு வரவில்லை. மருத்துவரின் கையிலுள்ள மார்பினை "போதை மருந்து" என்னாமல் "வலிமருந்து" என்று எழுத இதழாளர்கள் முன்வரலாம். உடல் பழகிப்போவதை "உடற்பழக்கம்" என்றும், கட்டுப்பாடிழந்த நிலையை வேறு சொல்லாலும் பாடநூல்கள் பிரிக்கலாம். இவை என் பரிந்துரைகள். இவற்றினும் சிறந்த சொற்கள் செவிலியரிடமும் நோயாளரிடமும் இருக்கக்கூடும்.

உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் வலியைச் சொல்ல என்ன சொல் வழங்குகிறது என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். சொல், ஊர், அது எவ்வகை வலி என்னும் மூன்றும் இருந்தால் போதும். நோயாளரின் பெயரோ விவரமோ வேண்டா. மருத்துவ நண்பர்கள் என் கூற்றில் பிழை கண்டால் திருத்துங்கள். வரும் சொற்களைத் தொகுத்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் இதே பக்கத்தில் வெளியிடுவேன்.